முகப்பும் மூன்றாம் கட்டும்

அன்புள்ள ஆச்சி,

வணக்கம். எனக்குச் சொந்த ஊர் செட்டிநாட்டுப் பள்ளத்தூர். வேலை பெங்களூரில். கல்லூரி நாள்களிலிருந்து உங்கள் எழுத்தை வாசித்து வருகிறேன்.

ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் அந்த வருடம் பார்த்த படங்களை வரிசைப்படுத்தி எழுதி வைப்பது என் பழக்கம். 2024-இல் நூறு படங்களுக்கு மேல் பார்த்துவிட்டேன். நேரம் போதாததால் பலவற்றை வீட்டில் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்த்தேன். என் முதல் பத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’, ‘மகாராஜா’, ‘அமரன்’, ‘லப்பர் பந்து’ ஆகியவை அதில் உண்டு. ‘கொட்டுக்காளி’ இழுவையாக இருந்ததால் சேர்க்கவில்லை. ‘மெய்யழகன்’ நீளத்தைக் குறைத்த பிறகு பார்த்தேன், பரவாயில்லை.

முதலிடத்தில் நான் வைத்திருக்கும் படம் நன்றாக ஓடவில்லை. ஆனால் அதில் ஒரு பாட்டு முழுவதும் எங்கள் வீட்டில் எடுத்தது. முற்றத்தோடு கூடிய எங்கள் வளவையும் தூண்களையும் அவ்வளவு பெரிய திரையில் பார்த்தபோது அப்பச்சிக்கு, என் அப்பாவுக்கு, கண் கலங்கிவிட்டது. இந்தத் தை மாதம் இன்னொரு கம்பெனியும் வீட்டைக் கேட்டிருக்கிறது. பொங்கலுக்கு ஊரில் கூடும்போது பங்காளிகள் எல்லோரும் பேசி முடிவெடுக்க இருக்கிறோம்.

கேட்க நினைத்தவை மூன்று. சென்ற ஆண்டில் உங்களுக்குப் பிடித்த பத்துப் படங்கள் எவை? மலையாளத்தில் வருவது போன்ற படங்கள் தமிழில் ஏன் வருவதில்லை? வெளியான பிறகு ‘மெய்யழகன்’ படத்தை வெட்டியது சரியா?

அன்புடன்,
சொ.
பெங்களூர்

*

அன்புள்ள தம்பி,

மூன்று கேள்விகளில் இரண்டை முதலில் முடித்துவிடுகிறேன். மலையாளத்தைப் போலத் தமிழில் ஏன் இல்லை என்று மார்கழி தோறும் யாராவது எனக்கு எழுதுகிறார்கள். ‘வாழை’யும் ‘கொட்டுக்காளி’யும் ஒரே நாளில், ஆகஸ்ட் 23 அன்று, திரைக்கு வந்த மொழியைப் பார்த்து இந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது. ‘மெய்யழகன்’ வெளியான சில நாள்களில் ஏறக்குறைய 18 நிமிடங்களை எடுத்துவிட்டார்கள். சரியில்லை. இரண்டு ஆண்கள் ஓர் இரவு முழுக்கப் பேசிக்கொண்டிருக்கும் படம் அது. பேச்சு அதிகம் என்று குறைப்பட்டவர்கள் வேறு படத்துக்குப் போயிருக்கலாம்.

அடுத்தது, ஒன்றரை மடங்கு வேகம். இதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது, இன்னும் தணியவில்லை. ‘கொட்டுக்காளி’ இழுவை என்கிறீர்கள். அந்தப் படத்தில் பின்னணி இசையே கிடையாது. ஷேர் ஆட்டோ உறுமுவதும் பைக்குகள் இரைவதும் காற்றும் சேவலும்தான் ஒலி. பேய் பிடித்திருக்கிறது என்று முடிவுகட்டி, ஒரு பெண்ணை அவள் குடும்பமே சாமியாடியிடம் கூட்டிப் போகிறது. சுற்றி இருப்பவர்கள் எல்லோரும் கத்துகிறார்கள். அவள் மட்டும் பேசாமல் இருக்கிறாள். அவள் எவ்வளவு நேரம் பேசாமல் இருக்கிறாள் என்பதுதான் கதை. அந்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை நீங்கள் வெட்டி எறிந்துவிட்டு, படம் இழுக்கிறது என்று எனக்கு எழுதுகிறீர்கள். இயக்குநர் பி.எஸ். வினோத்ராஜ், காலில் கல் கட்டிய சேவலைக் காட்டிவிட்டு அவசரப்படாமல் நிற்கிறார். நீங்கள் நிற்கவில்லை. அந்தப் படத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லும் உரிமை உங்களுக்கு இன்னும் வரவில்லை. பொங்கல் விடுமுறையில் ஓர் இரவு விளக்கை அணைத்துவிட்டு, போனை வேறு அறையில் வைத்துவிட்டு, அதன் சொந்த வேகத்தில் பாருங்கள்.

இனி நான் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் முதலிடத்தில் வைத்த படம்.

அப்பச்சிக்குக் கண் கலங்கியதை எழுதியிருந்தீர்கள். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். உங்கள் ஐயா (தாத்தா) காலத்தில் வருடம் முழுக்க ஆள் புழங்கிய வீடு இப்போது பொங்கலுக்கும் முன்னோர் படைப்புக்கும் மட்டும் திறக்கப்படுகிறது. நிலைக்கதவின் தாழை நீக்கினால் வௌவால் வாடைதான் முதலில் வெளியே வருகிறது. அப்படிப்பட்ட வளவில் விளக்கு எரிவதையும், ஆள்கள் நடமாடுவதையும், தூண்கள் துடைத்துப் பளபளப்பதையும் பார்த்தால் எந்த அப்பச்சிக்கும் கண் கலங்கும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்தீர்கள் என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் தம்பி, அப்பச்சி அழுதது வீட்டுக்காக. அந்தப் படம் அதற்கு ஒன்றுமே செய்யவில்லை. வாடகை கொடுத்து, படம் எடுத்து, போய்விட்டார்கள். அதை ஆண்டின் சிறந்த படம் என்று நீங்கள் எழுதுவது உங்கள் அப்பச்சியின் கண்ணீரைக் கொண்டுபோய் ஒரு சினிமா கம்பெனியின் கணக்கில் வரவு வைப்பது.

நம் வீடுகளை எத்தனை ஊராக மாற்றிவிட்டார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கானாடுகாத்தானில் இருக்கும் ஒரு வளவு ஒரு படத்தில் மதுரைப் பண்ணையாரின் வீடு, அடுத்ததில் தஞ்சாவூர் மிராசுதாரின் வீடு, இன்னொன்றில் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெரிய குடும்பம். தெலுங்குப் படம் என்றால் ஜமீன். கல்யாணப் பாட்டு, பேய்ப் படம், அரிவாள் தூக்கிக்கொண்டு ஆள்கள் ஓடி வரும் சண்டை எதற்கும் நம் பர்மா தேக்குத் தூண்கள் வேண்டும், ஆத்தங்குடிக் கல் பாவிய தரை வேண்டும். அந்த வீட்டில் வாழ்ந்த மனிதர்கள் மட்டும் யாருக்கும் வேண்டாம். செட்டிநாட்டு ஊர்களை 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்தார்கள். உலகத்துக்கே சொல்லிக்கொள்ளத் தகுந்த வீடு என்று அரசாங்கம் எழுதிக் கொடுத்துவிட்டது. தமிழ் சினிமாவுக்கு அது இன்றும் நாள் வாடகைக்குக் கிடைக்கும் இடம்தான்.

இத்தனைக்கும் சினிமா எங்கிருந்தோ இங்கே வந்து இறங்கியதில்லை. ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் காரைக்குடியில் பிறந்தவர். சென்னைக்குக் குடிபெயரும் முன் தேவகோட்டை ரஸ்தாவில்தான் ஸ்டுடியோ வைத்திருந்தார். ‘நாம் இருவர்’ 1947-இல் அங்கிருந்துதான் வெளிவந்தது. பாரதியின் பாட்டைப் பட்டம்மாள் குரலில் நாடு முழுக்கக் கேட்க வைத்த படம் ரயிலடிப் பொட்டலில் உருவானது. எஸ்.பி. முத்துராமன் காரைக்குடிக்காரர். பஞ்சு அருணாசலமும் கண்ணதாசனும் சிறுகூடல்பட்டி. இத்தனை பேரைச் சினிமாவுக்குக் கொடுத்த ஊரில் பிள்ளை கூட்டுவதைப் பற்றி, அதாவது சுவீகாரம் எடுப்பதைப் பற்றி, ஒரு நல்ல படம் வந்ததா? கண்ணதாசனே கூட்டிக்கொண்டு போகப்பட்ட பிள்ளை. முத்தையாவாகப் பிறந்து, சுவீகாரம் போன வீட்டில் நாராயணன் ஆனவர். பெற்ற தாய் ஒரு வீட்டில், வளர்த்த தாய் இன்னொரு வீட்டில். இதைவிடப் பெரிய கதையை எந்த ஊரில் போய்த் தேடப்போகிறார்கள்?

என் ஆயா வீடு கண்டனூரில் இருக்கிறது. நான் கல்லூரியில் படித்த காலத்தில் ஒரு படப்பிடிப்புக்கு அதைக் கொடுத்திருந்தார்கள். எந்தப் படம், யார் எடுத்தது என்பது இங்கே வேண்டாம். விடிவதற்குள் தெருவை அடைத்து வண்டிகள் வந்துவிட்டன. வாசல் பக்கத்து முகப்பிலும் உள்முற்றத்து வளவிலும் விளக்குகளை நட்டார்கள். வீட்டின் கடைசிப் பகுதியான மூன்றாம் கட்டை உடை மாற்றவும் ஒப்பனை செய்யவும் எடுத்துக்கொண்டார்கள். அடுப்படியில் எச்சில் தட்டுகள் குவிந்தன. ஆயா இரண்டாம் கட்டில் தன் வழக்கமான தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பையன் ஓடி வந்தான். “பாட்டி, கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், படத்தில் விழுகிறீர்கள்” என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். ஆயா எழுந்து அறைக்குள் போனார்கள். சற்று நேரத்தில் பட்டுப்புடவை கட்டி, தலையில் வெள்ளை பூசிய ஓர் அம்மாவைக் கொண்டுவந்து முகப்பில் உட்கார வைத்தார்கள். கையில் அரிவாள்மனை. எதிரே ஒரு கூடைக் கத்தரிக்காய்.

அறைச் சன்னல் வழியாக ஆயா அதைப் பார்த்துவிட்டார்கள். வெளியே வந்து நேராக இயக்குநரிடம் போனார்கள். “முகப்பில் உட்கார்ந்து எந்த வீட்டில் காய் நறுக்குவார்கள்? நாலு பேர் வந்து போகிற இடத்தில் ஆச்சி அரிவாள்மனையோடு உட்காருவாளா? நறுக்க வேண்டும் என்றால் உள்ளே கூட்டிப் போய் நறுக்கச் சொல்லுங்கள்” என்றார்கள். இயக்குநர் சிரித்தார். முகப்பில்தான் வெளிச்சம் நன்றாக விழுகிறது, பின்னால் தூண்கள் வரிசையாகத் தெரிகின்றன என்று பொறுமையாக விளக்கினார். அவரைப் பொறுத்தவரை அது நியாயம். படம் அப்படியே வந்தது. இன்றும் தொலைக்காட்சியில் எப்போதாவது போடுகிறார்கள். கத்தரிக்காய்க் கூடை வரும்போது நான் எழுந்து போய்விடுவேன்.

சினிமாவைப் பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையும் ஆயா அன்று கேட்ட கேள்வி அளவுக்கு எனக்குக் கற்றுக்கொடுத்ததில்லை. இந்த வீட்டில் யார் எங்கே உட்காருவார்கள்? யார் எந்தக் கதவுக்கு அப்பால் போகமாட்டார்கள்? ஒரு படத்துக்கு இது தெரிந்திருந்தால் அதில் வரும் மனிதர்களும் உண்மையாக இருக்கிறார்கள். தெரியாவிட்டால் எவ்வளவு அழுதாலும் அவர்கள் பட்டுப்புடவை கட்டிய துணை நடிகர்கள்தான். அன்றிலிருந்து எந்தப் படத்தையும் நான் இதை வைத்துத்தான் பார்க்கிறேன்.

நம் வீட்டின் அமைப்பைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நீங்கள் பெங்களூரில் வளர்ந்திருக்கலாம், அதனால் விரிவாகவே சொல்கிறேன். முகப்பு ஆண்களுடையது. கணக்கும் வரவு செலவும் வெளியாள் வருகையும் அங்கே. அதைத் தாண்டினால் வளவு, நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. அதற்குப் பின்னால் இரண்டாம் கட்டு, சாப்பாடு, பண்டங்கள், ஊறுகாய், வற்றல். கடைசியில் மூன்றாம் கட்டு, அங்கே அடுப்படியும் கிணறும் ஆட்டுக்கல்லும். முன்வாசலில் நின்று பார்த்தால் பின்வாசல் ஒரே நேர்க்கோட்டில் தெரியும். அந்தக் கோடு அடுத்த தெரு வரைக்கும் போகும்.

இந்த வீட்டுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. மகனுக்குக் கல்யாணம் ஆனதும் அவனை வேறு வைத்துவிடுவார்கள். வீட்டை விட்டு அனுப்புவதில்லை. அதே கூரை, அதே முற்றம், அதே கிணறு. ஆனால் அடுப்பு தனி. அரிசி, பருப்பு, எண்ணெய், விறகு எல்லாம் அளந்து கொடுத்து, கணக்கும் தனியாக எழுதப்படும். மாமியார் ஒரு பக்கம் சமைக்க, நாலு மருமகள்கள் நாலு பக்கம் சமைப்பார்கள். யார் வீட்டில் மீன், யார் வீட்டில் வெறும் ரசம் என்பது மணத்திலேயே தெரிந்துவிடும். ஒருத்தி புருஷன் இரங்கூனிலிருந்து பணம் அனுப்பியிருப்பான், இன்னொருத்தி புருஷனிடமிருந்து கடிதமே வந்திருக்காது. கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போனவன் மூன்று வருடக் கணக்கு முடித்துத்தான் திரும்புவான். அதுவரை அந்த அடுப்பில் அவளுக்கும் பிள்ளைகளுக்கும் மட்டும் சோறு. 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தபோது நடந்தே இந்தியா வந்து சேர்ந்தவர்கள் உண்டு, வழியிலேயே செத்தவர்கள் உண்டு. செய்தி தெரியாமல் தாலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு மூன்றாம் கட்டில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு அப்போது பதினெட்டு வயது, இருபது வயது.

இவ்வளவு பெரிய வாழ்க்கை நடந்த இடத்தில்தான் தம்பி, எச்சில் தட்டு கழுவுகிறார்கள். கேமரா முகப்பைத் தாண்டி வளவு வரைக்கும் வருகிறது, அங்கே நின்றுவிடுகிறது. பின்கட்டுக்கு வருபவர்கள் ஒப்பனைக்காரர்களும் சாப்பாடு போடுபவர்களும் மட்டும்.

இப்போது சென்ற ஆண்டுக்கு வருவோம். எனக்குப் பிடித்த படங்களைப் பின்னால் எண்ணிப் பார்த்தபோது அவை எல்லாமே ஒரு வீட்டின் பின்கட்டு வரைக்கும் போன படங்களாக இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே நான் வைப்பது பாயல் கபாடியாவின் ‘ஆல் வீ இமேஜின் ஆஸ் லைட்’. கான் விழாவில் இரண்டாவது பெரிய விருதான கிராண்ட் பிரீ வாங்கியது, முப்பது வருடத்துக்குப் பிறகு போட்டிப் பிரிவுக்குப் போன இந்தியப் படம் என்பதெல்லாம் செய்தித்தாளில் வந்தது. எனக்கு முக்கியம் அதில் வரும் ஒரு குக்கர். மும்பையில் வேலை பார்க்கும் மலையாள நர்ஸ் பிரபா. கல்யாணமானதும் புருஷன் ஜெர்மனி போய்விட்டான், பேச்சு வார்த்தையும் நின்றுபோயிற்று. ஒரு நாள் அவள் வீட்டுக்கு ஒரு பெட்டி வருகிறது. உள்ளே ஜெர்மனியில் செய்த சிவப்பு ரைஸ் குக்கர். கடிதம் இல்லை. இரவில் தனியாக இருக்கும்போது தரையில் உட்கார்ந்து அந்தக் குக்கரைக் கட்டிக்கொள்கிறாள். கனி குஸ்ருதி அதை நடித்த விதத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது.

அந்தக் காட்சியில் நான் திரையரங்கில் அழுதேன். என் ஆயாவின் பெட்டகத்தில் எனாமல் பூசிய ஒரு மங்குத் தூக்குப் பாத்திரம் இருந்தது. பச்சை நிறம், மூடியில் பூ. பினாங்கிலிருந்து ஐயா அனுப்பியது. ஆயா அதில் எதையும் போட்டு வைத்ததில்லை, யார் கையிலும் கொடுத்ததில்லை. நம் வீடு ஒவ்வொன்றிலும் மங்குச் சாமான் அடுக்கடுக்காக இருக்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளில் கிடைக்கும், வெளிநாட்டுக்காரர்கள் அழகுக்காக வாங்கிப் போகிறார்கள். ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் எந்தக் கடிதமும் இல்லாமல் வந்த ஒரு பெட்டி இருந்திருக்கும். கபாடியா செட்டிநாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நம் வளவில் ஒரு நாள்கூடப் படம் எடுக்கவில்லை. நம் வீட்டு மூன்றாம் கட்டைச் சென்ற வருடம் திரையில் காட்டியவர் அவர்தான்.

அதே படத்தில் பார்வதி என்று ஒரு சமையல்காரி வருகிறாள். இத்தனை வருடம் வாழ்ந்த வீடு தன்னுடையது என்று நிரூபிக்க அவளிடம் காகிதம் இல்லை. புருஷன் செத்துப்போனான், அவன் எங்கே என்ன வைத்தான் என்று அவளுக்குச் சொல்லவில்லை. கட்டடக்காரன் காலி செய்யச் சொல்கிறான். முகப்பில் நடந்த கணக்கு பின்கட்டில் இருந்தவளுக்குத் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பது நம் ஊர்ப் பெண்களுக்கு நன்றாகத் தெரியும்.

‘உள்ளொழுக்கு’ குட்டநாட்டு வெள்ளத்தில் நடக்கும் கதை. மகன் இறந்துவிட்டான். அடக்கம் செய்யத் தண்ணீர் வடிய வேண்டும். அதுவரை மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டில் காத்திருக்கிறார்கள், இருவருக்கும் இடையில் ஓர் உண்மை கிடக்கிறது. மாமியாராக வரும் ஊர்வசி தண்ணீரில் கால் வைத்து அறைக்கு அறை நடக்கும்போது எந்த அறையில் எது இருக்கிறது என்று அந்தப் பாதங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அத்தனை வருடம் அந்த வீட்டைப் பெருக்கிய பெண்ணின் நடை அது.

‘பிரமயுகம்’ படத்தை உங்கள் பட்டியலில் காணவில்லை. ஒற்றப்பாலம் பக்கத்து மனைகளை, அந்தப் பெரிய பழைய வீடுகளை, மலையாளிகளும் பல வருடங்களாகப் பெருமைக்குப் பயன்படுத்தி வந்தார்கள். மீசை முறுக்கிய நாயகன் படிப்புரையில் கால் மேல் கால் போட்டு உட்காருவான். ராகுல் சதாசிவன் அதே போன்ற ஒரு மனைக்குள் கறுப்பு வெள்ளையில் நம்மைக் கூட்டிப் போய், ஒழுகும் கூரையையும் பாசி படர்ந்த சுவரையும் புகை அடைந்த அடுப்படியையும் காட்டுகிறார். அடைக்கலம் தேடி வந்த பாணனால் வெளியே போக முடியவில்லை. பெரிய வீடு என்றால் அதற்குள் யாருக்கோ சிறை என்று மம்மூட்டியை வைத்துக்கொண்டே சொல்ல முடிந்திருக்கிறது. நம் வீட்டையும் இப்படிக் காட்டட்டும், நான் வரவேற்பேன். நம் வீட்டு வேலைக்காரர்களும் கணக்கப்பிள்ளைகளும் அவர்களுக்கு உதவியாக இருந்த அடுத்தாள்களும் அதற்குள் என்ன பட்டார்கள் என்று காட்டட்டும். பெருமையாகக் காட்ட வேண்டும் என்று நான் கேட்கவில்லை, தெரிந்து காட்ட வேண்டும் என்கிறேன்.

‘மெய்யழகன்’ நம்முடைய கதைதான், தஞ்சாவூர்ப் பக்கம் நடக்கிறது. சொந்தங்களுக்குள் சொத்துத் தகராறு, வீடு கைவிட்டுப் போகிறது, குடும்பம் சென்னைக்குப் போய்விடுகிறது. இருபத்திரண்டு வருடம் கழித்து ஒரு கல்யாணத்துக்கு வரும் அருள்மொழிக்கு, தன்னை ஓடி ஓடிக் கவனிக்கும் உறவுக்காரனின் பெயர் நினைவில் இல்லை. ஆனால் அவன் விட்டுவிட்டுப் போன சைக்கிள் ஒரு குடும்பத்தையே தூக்கி நிறுத்தியிருக்கிறது. பங்காளிகள் ஒத்துப்போகாமல் பூட்டப்பட்டு, நிலையும் தூணும் தனித்தனியாக விலைபோன வீடுகளை நான் கோட்டையூரிலும் தேவகோட்டையிலும் பார்த்திருக்கிறேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் ‘பரவாயில்லை’ என்று எழுத ஒரு பள்ளத்தூர்ப் பிள்ளையால் எப்படி முடிந்தது?

‘வாழை’யைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். வாழைத்தார் சுமக்கும் சிறுவன், ஊரே இழவில் இருக்கும்போது, பசி தாங்காமல் வீட்டுக்குள் போய்ச் சோற்றில் கை வைக்கிறான். அங்கே முகப்பு இல்லை, வளவு இல்லை, தேக்குத் தூண் இல்லை. வீடே ஓர் அடுப்படிதான். இயக்குநர் மாரி செல்வராஜுக்கு அந்த வீட்டில் சோற்றுப்பானை எங்கே இருக்கும் என்று தெரியும்.

‘லப்பர் பந்து’ எனக்கும் பிடித்தது. ‘மகாராஜா’, ‘அமரன்’ பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ என்ற குகைப் படத்தை நண்பர்களோடு பார்த்திருப்பீர்கள், சந்தோஷம்.

பத்துக் கேட்டீர்கள். பத்து வரவில்லை. நிரப்புவதற்காக நான் தேடப்போவதும் இல்லை.

பங்காளிகள் கூட்டத்தைப் பற்றி நீங்கள் என்னிடம் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வீட்டைக் கொடுக்காதீர்கள் என்று சொல்லமாட்டேன். ஓடு மாற்றவும் கூரை ஒழுகலை அடைக்கவும் அந்த வாடகை உதவும் என்பது எனக்குத் தெரியும். நிபந்தனை போட்டுக் கொடுங்கள். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்புப் பூச்சு அது, ஒருமுறை பெயர்ந்தால் அதே போல் பூசத் தெரிந்த கொத்தனாரைத் தேடி அலைய வேண்டும். கதைக்குத் தேவை என்று சுவருக்குப் பெயிண்ட் அடிக்கக் கேட்பார்கள். அடித்தால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சு பொரிந்து கொட்டும். மறுத்துவிடுங்கள். ஆத்தங்குடிக் கல் மீது இரும்புச் சாமான்களை இழுக்காமல் பலகை போடச் சொல்லுங்கள். ஜெனரேட்டர் வெளியே நிற்கட்டும். அடுப்படியையும் சாமி அறையையும் பூட்டிச் சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

கதையைக் கேளுங்கள். எடுப்பவர் வெட்கப்பட்டாலும் சங்கடப்பட்டாலும் கேளுங்கள். இந்த வீட்டில் இருப்பவர்கள் யார், ஆச்சி எங்கே உட்காருகிறார், அவருக்குப் பேச்சு உண்டா என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வேண்டாம் என்று நினைத்தால், பணம் எவ்வளவாக இருந்தாலும், பங்காளிகள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கொடுப்பது என்று முடிவானால், வாடகையைப் பங்கு பிரிப்பதற்கு முன் வருடம் முழுக்க அந்த வீட்டைக் கூட்டி, விளக்கேற்றி, பூட்டிப் பார்த்துக்கொள்கிறவருக்கு முதலில் ஒரு பங்கை எடுத்து வைத்துவிடுங்கள். படப்பிடிப்பு நாள்களில் இரவெல்லாம் விழித்திருக்கப் போவது அவர்தான்.